இதயம் தனக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு

(தர்மபுரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய தகடூரான இந்தத் தர்மபுரியில் மேடையேறுகிறவர் அதியமானையும் ஒளவையையும் நெல்லிக்கனியையும் தொட்டுவிட்டுத்தான் தம் பொருளுக்கு வருவார். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் குறைவு. நெல்லிக்கனியை இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் எப்படியும் வந்துவிடும்.

இதயமும் இரத்த ஓட்டமும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள், சிவப்பு அம்பு, நீல அம்பு என்று படம் இருக்கும். மாணவர்கள் அதை வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் ஒரு செய்தி விட்டுப்போகிறது. இரத்தத்தை ஊருக்கெல்லாம் அனுப்பும் இதயம் தனக்கான இரத்தத்தை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது? இந்த மாவட்டத்தில் யார் பிழைக்கிறார், யார் பிழைப்பதில்லை என்பதில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் அதைச் சுற்றியே பேசப்போகிறேன்.

முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டின் இதயத்தைத் துண்டு போடாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. கழுவிவிட்டு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். வலப்பக்கம் தொளதொளவென்று உள்ளே அமுங்கும். இடப்பக்கம் கெட்டியாக எதிர்த்து நிற்கும். நீளவாக்கில் பிளந்தால் காரணம் தெரியும். இடது கீழறையின் சுவர், வலது கீழறையின் சுவரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். வலது அறை பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளினால் போதும். மனித உடலில் அதற்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமே ஏராளம். இடது அறை உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரை அனுப்பியாக வேண்டும். அதற்கு 120 தேவை. வேலைக்குத் தக்க தசை.

உள்ளே வெள்ளையாக, பளபளவென்று மெல்லிய நூல்கள் வால்வின் இதழ்களைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்ப்பீர்கள். கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேல்பக்கமாகப் புரண்டுவிடாமல் தடுப்பவை இந்த நூல்கள். டாக்டர் குழல் வைத்துக் கேட்கும் 'லப்-டப்' சத்தத்தில், முதல் சத்தம் இந்த வால்வுகள் மூடும்போது வருவது. இரண்டாவது, வெளியேறும் வாசல்களில் இருக்கும் வால்வுகள் மூடும்போது வருவது. தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமியால் சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு இந்த இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். இருபது வயதில் படியேற முடியாமல் மூச்சு வாங்கும் பெண்ணை, 'சத்து இல்லை' என்று டானிக் கொடுத்து வைத்திருப்பார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி தவறாமல் போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நோய் அது. இது தனிச் சொற்பொழிவுக்கு உரிய விஷயம், இங்கே நிறுத்துகிறேன்.

ஆட்டு இதயத்தில் இன்னும் ஓர் இடம் பார்க்க வேண்டும். இடது அறையிலிருந்து கிளம்பும் பெருந்தமனியை நீளமாக வெட்டித் திறந்து, வால்வுக்குச் சற்று மேலே தேடுங்கள். இரண்டு சின்னத் துளைகள் தெரியும். தென்னை ஈர்க்கின் நுனி நுழையும் அளவுதான் இருக்கும். ஊர் முழுவதற்கும் போகும் இரத்தத்திலிருந்து இதயம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் வாசல்கள் அவை. அங்கிருந்து கிளம்பும் குழாய்களுக்குக் கரோனரித் தமனிகள் என்று பெயர். மனிதனுக்கு அவற்றின் குறுக்களவு மூன்று நான்கு மில்லிமீட்டர்.

அந்தத் துளைகளுக்குத் திரும்பி வருவேன். அதற்கு முன், இரத்தம் சுற்றி வருகிறது என்பதே எப்படித் தெரிந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கேலன் என்ற கிரேக்க மருத்துவர், கல்லீரல் சாப்பாட்டிலிருந்து இரத்தத்தைச் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்று எழுதினார். ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஐரோப்பா அதையே நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு அல்-நஃபீஸ், இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வர முடியும் என்று எழுதினார். அது நெடுங்காலம் பலர் கண்ணில் படவில்லை. 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். நம் இன்றைய அளவுகளில் அதைச் சொல்கிறேன். ஒரு துடிப்புக்கு 70 மில்லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், ஒரு மணிக்கு 300 லிட்டர். எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரு மணி நேரத்தில் கல்லீரல் 300 லிட்டர் இரத்தம் செய்யுமா? செய்யாது. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கணக்கு என்றால் ஓடும் மருத்துவ மாணவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

அவர் செய்த சோதனையை நீங்களே இப்போது செய்யலாம். பக்கத்தில் இருப்பவரின் மேற்கையில் துண்டை ஓரளவு இறுக்கிக் கட்டுங்கள். முன்கையில் நாளங்கள் புடைக்கும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு நாளத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி வழித்துவிட்டு, மேலே இருக்கும் விரலை எடுத்துவிடுங்கள். நடுவில் நாளம் தட்டையாகக் காலியாக நிற்கும். மேலிருந்து இரத்தம் இறங்கி வராது. கீழே அழுத்தியிருக்கும் விரலை எடுத்தால் சட்டென்று நிரம்பும். சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். உடம்பின் இரத்தத்தில் பாதிக்கும் மேல் எந்நேரமும் இந்தச் சிரைகளில்தான் கிடக்கிறது. காலிலிருந்து அதை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் கடைச் சிப்பந்திக்கும் மேஸ்திரிக்கும் காலில் 'நரம்பு சுருட்டிக்கொள்வது' அந்தத் தசைக்கு வேலை இல்லாமல் போவதாலும் அந்த வால்வுகள் தளர்வதாலும்தான்.

தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை ஹார்வி பார்க்கவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுக்குப் பின், 1661இல், இத்தாலியின் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்நோக்கியில் வைத்து நுண்குழாய்களைக் கண்டார். ஒரு சிவப்பணு உடம்பை வளைத்து நுழைந்து போகும் அளவே அகலம் கொண்டவை அவை. பெருந்தமனியில் வேகமாகப் பாய்ந்த இரத்தம் அங்கே நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஊர்கிறது. ஆக்சிஜன் கைமாறுவதும் கழிவு ஏறுவதும் அந்த ஊர்தலில்தான். மற்றதெல்லாம் போக்குவரத்து ஏற்பாடு.

சரி, அந்த இரண்டு துளைகளுக்கு வருவோம்.

இடது அறைக்குள் எந்நேரமும் இரத்தம் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் உள்சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தைத் தாண்டி அந்தத் தசைக்கு அது பயன்படுவதில்லை. வெளியே போய், பெருந்தமனியில் ஏறி, அந்தச் சிறு துளைகள் வழியாகத் திரும்பி வந்தால்தான் உண்டு. இதயத்தின் எடை சுமார் 300 கிராம், உடல் எடையில் நூற்றில் அரைப் பங்கு. அது எடுத்துக்கொள்ளும் இரத்தம், ஓய்வாக இருக்கும்போது மொத்தத்தில் நூற்றில் ஐந்து பங்கு. நிமிடத்துக்குக் கால் லிட்டர். கேட்டால் பேராசை மாதிரி தோன்றும். ஒரு நாளைக்கு லட்சம் தடவை சுருங்குகிறவனுக்கு அது கூலியே தவிர வேறில்லை.

இந்தக் கூலியும் வேலை நேரத்தில் கிடைப்பதில்லை. தசை சுருங்கும்போது தனக்குள் ஓடும் குழாய்களையும் சேர்த்து நெருக்கிவிடுகிறது. அதனால் இடது அறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது தளரும் வேளையில்தான் பாய்கிறது. ஒரு துடிப்புக்கு 0.8 நொடி என்றால், சுருங்குவதற்கு 0.3, தளர்வதற்கு 0.5. துடிப்பு வேகமானால் சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது. தளரும் நேரம்தான் வெட்டுப்படும். அதாவது எப்போது அதிகம் தேவையோ அப்போது சாப்பாட்டு நேரம் குறைகிறது. போதாததற்கு, மற்ற தசைகள் வரும் ஆக்சிஜனில் கால் பங்கு எடுத்துக்கொண்டு மீதியை விடும்போது, இதயத் தசை சும்மா இருக்கும்போதே முக்கால் பங்கை உறிஞ்சிவிடுகிறது. அவசரத்துக்குக் கையிருப்பு இல்லை. இன்னும் வேண்டுமென்றால் ஒரே வழி, குழாய் விரிந்து அதிக இரத்தம் வர வேண்டும்.

குழாய் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு அங்குலக் குழாய் இருந்த இடத்தில் ஒரு அங்குலக் குழாயை மாட்டினால் தண்ணீர் பாதியாகக் குறைவதில்லை, வெகுவாக இளைத்துவிடுகிறது. மெல்லிய குழாய்களில் சீராக ஓடும் திரவத்துக்கு பிரான்சின் புவாசேய் கண்ட விதிப்படி, அகலம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவேதான் கரோனரித் தமனி சுருங்கியவருக்கு நடந்தால் மார்பு பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது.

ஆனால் மாரடைப்பு எப்போதும் இப்படிப் படிப்படியாக வருவதில்லை. 'நேத்து வரைக்கும் கல்லாட்டம் இருந்தாரே' என்று எழவு வீட்டில் சொல்வார்கள். அது பொய் இல்லை. தமனிச் சுவருக்குள் கொழுப்பு சேர்ந்த திட்டு, பாதி வழியைக்கூட அடைக்காமல் பல ஆண்டு கிடக்கும். ஒருநாள் அதன் மேல்தோல் கிழியும். கிழிந்த இடத்தைக் காயம் என்று எடுத்துக்கொண்டு இரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டும், உறைவு கட்டும். கையில் அரிவாள் பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குள் நடந்தால் சில நிமிடத்தில் வழியை மூடிவிடுகிறது. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை, இருபது முப்பது நிமிடம் கழித்துச் சாகத் தொடங்கும். ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். போனது திரும்ப முளைக்காது, தழும்பாகிவிடும்.

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளி விவசாயி. விடியற்காலை மண்டிக்கு லோடு ஏற்றும்போது நெஞ்சுக்குழியில் அடைப்பு, உடம்பெல்லாம் வியர்வை, ஒரு வாந்தி. என்னிடம் வந்தபோது காலை பதினொரு மணி. வழியில் லோடையும் இறக்கிவிட்டு வந்திருந்தார். கூட வந்த அவர் மனைவி, 'வாயுதாங்க சார். சோடா குடுத்தேன், பூண்டு சுட்டுக் குடுத்தேன், கேக்கல' என்றார். ஈ.சி.ஜி. எடுத்தால் இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு.

அந்த அம்மா சொன்னதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. அந்தப் பகுதியில் இரத்தம் நின்றால், வயிற்றுக்கும் போகும் அதே நரம்பு தூண்டப்பட்டு ஓங்கரிப்பு வரும், வாந்தி வரும். மற்ற பகுதிகளின் வலியும் அப்படியே. இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் இடக்கையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. மூளை எது எங்கிருந்து வந்தது என்று குழம்பி, கையில் வலி, தாடையில் வலி என்று சொல்கிறது. நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு வலியே தெரியாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் வரலாம். ஆகவே வாயுவா இதயமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஈ.சி.ஜி.தான் சொல்லும்.

இங்கேதான் நம் மாவட்டத்தின் நில அமைப்பு வந்து நிற்கிறது. அரூர் பக்கம் சித்தேரி மலை இருக்கிறது. வத்தல்மலை இருக்கிறது. பென்னாகரம் தொகுதியில், வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோனதாகத் தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகையில் படம் வந்த கோட்டூர் மலை இருக்கிறது. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த ஊர்கள் இவை. 2008இல் தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய விஷயம். அதற்கு முன் கொஞ்சம் சிக்கலென்றாலே சேலம், இல்லாவிட்டால் பெங்களூரு. ஆனால் மலை இறங்குவதற்கே ஆகும் நேரத்தை எந்தக் கல்லூரியும் குறைக்க முடியாது.

அப்படியானால் சிகிச்சையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். இந்த யோசனைக்குத் தமிழ்நாட்டில் நல்ல வரலாறு உண்டு. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்திய திட்டத்தில், சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோகிராம் வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். சிறு மருத்துவமனையிலேயே உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்திவிட்டு, பிறகு ஆம்புலன்சில் பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். 2017இல் வெளியான அதன் முடிவில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்திருந்தது. புதிதாகக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. இருந்ததை நேரத்தோடு கோத்தார்கள்.

2023இல் அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டம் இன்னும் கீழே இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் வைத்திருக்க வேண்டும். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அடோர்வாஸ்டாடின் எட்டு. முதல் இரண்டு மருந்தும் வெவ்வேறு வழியில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது, கிழிந்த திட்டு மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்கிறது. அடைப்பை முழுதாகத் திறக்கும் வலு இவற்றுக்குக் கிடையாது. உறைவு மேலும் வளராமல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நேரம் வாங்கித் தருபவை. ஒரு எச்சரிக்கை: இதை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு, நெஞ்சு வலிக்கும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கக் கூடாது. வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிகிறவருக்கும், மூளையில் இரத்தக் கசிவு உள்ளவருக்கும் இதே மாத்திரை ஆபத்தாக முடியும். கொடுக்க வேண்டியவர் மருத்துவர். அவர் சொல்லி செவிலியர்.

குழாய் கெடாமல் பார்த்துக்கொள்வது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றிரண்டு மட்டும். 'களி தின்ற உடம்புக்கு மாரடைப்பு வராது' என்று நம் பக்கம் ஒரு பெருமை உண்டு. கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் அந்தக் களியைத் தின்றுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பீடி இழுத்தால் கேழ்வரகால் ஒன்றும் செய்ய முடியாது. பீடிப் புகை தமனியின் உள்தோலைப் புண்ணாக்குகிறது, குழாயைச் சுருக்குகிறது, இரத்தத்தை உறையத் தூண்டுகிறது. மூன்று கெடுதலும் அந்த மூன்று மில்லிமீட்டருக்குள். தவிர, அந்தக் காலத்துப் பெரியவர்கள் களியோடு ஏர் ஓட்டினார்கள். நாம் களியோடு டூவீலர் ஓட்டுகிறோம்.

பிரஷர் விஷயம் இன்னும் கவலை. 2020இல் மாநிலம் தழுவி எடுத்த கணக்கில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் சொச்சம்தான். மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை விட வேண்டும் என்றால் யார் வருவார்கள்? அதற்கு விடையாக வந்ததுதான் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி அது தொடங்கிய சாமனப்பள்ளி, 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்து இன்று கிருஷ்ணகிரியில் இருக்கும் பகுதி. மாத்திரையோடு வாசலுக்கு வரும் பெண் பணியாளரிடம், 'இப்ப நல்லா இருக்கேன், மாத்திரை வேண்டாம்மா' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 160 அழுத்தம் வலிக்காது. வலிக்காமலே இடது அறையின் சுவரைத் தடிக்க வைக்கும். தடித்த சுவருக்கு அதிக இரத்தம் வேண்டும். குழாய் மட்டும் பழைய குழாய்தான். கணக்கு எங்கே போய் முடியும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று வீட்டுக்கு. மார்பில் அடைப்பு, பாரம், வியர்வை, தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல் எதுவானாலும் பத்து நிமிடம் நின்றால் 108ஐ அழையுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது, பின்னால் உட்கார வைத்தும் போகக் கூடாது. நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால் நடுமார்பில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

இன்னொன்று ஊருக்கு. ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 அதில் ஒன்று. 1965இல் இந்த மாவட்டம் பிறந்த நாளும் அதுவே. தெருவிளக்கும் குடிநீரும் கேட்டு முடித்த பிறகு எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி. இயந்திரம் வேலை செய்கிறதா? அதை எடுக்கத் தெரிந்தவர் இரவில் இருக்கிறாரா? அந்த 14 மாத்திரையும் இன்றைக்குக் கையிருப்பில் இருக்கிறதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.